தீபாவளிக்கு வரலையா?

ஆவணி பிறந்துவிட்டால் போதும். "சாப்டியா" என்பதற்கும் முன்னால் எங்கம்மா போனில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எய்யா, தீவாளிக்கு வாரியா?"

நான் இருப்பது கொல்கத்தா. அம்மா இருப்பது கோவில்பட்டி. இடையில் இரண்டு ரயில், சுமார் 2,250 கிலோமீட்டர், ஒன்றரை நாள். பதவி உயர்வு கொடுத்து 2016இல் என்னை இங்கே தூக்கிப்போட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் சொல்லாத பதில் இல்லை. "பாக்கணும்மா", "லீவு போட்டிருக்கேம்மா", "வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கும்மா". கடைசியில் ஒரு வருஷம் போவேன், ஒரு வருஷம் போகமாட்டேன். போகாத வருஷம் குற்றவுணர்ச்சி. போன வருஷம் முதுகுவலி.

சுற்றி வளைக்காமல் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறவர்களே, பண்டிகைக்கு ஊருக்குப் போகாதீர்கள். சும்மா ஒரு நாளில் போங்கள். பண்டிகையை நீங்கள் இருக்கிற ஊரில், பக்கத்தில் இருக்கிறவர்களோடு கொண்டாடுங்கள். முடிந்தால் ஊரில் இருக்கிற பெரியவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும். எங்க அக்கா ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டாள்.

*

பி.காம் படித்தவன் புத்தி, எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும். 2019 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 27. அந்தப் பயணத்தை ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

வியாழன் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஹவுராவில் கோரமண்டல். வெள்ளி சாயங்காலம் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து மூட்டை முடிச்சுகளோடு எழும்பூர், நெல்லை எக்ஸ்பிரஸ். சனிக்கிழமை விடியற்காலை கோவில்பட்டி. ஞாயிறு தீபாவளி. திங்கள் ராத்திரி மறுபடி ரயில். புதன் மத்தியானம் ஹவுரா. போக 39 மணி, வர 39 மணி. ஆக ரயிலிலும் பிளாட்பாரத்திலும் 78 மணி நேரம். வீட்டில் இருந்தது 63 மணி நேரம்.

அந்த 63 மணி நேரத்துக்கும் ஒரு வரவு செலவு உண்டு. தூக்கம் 18 மணி. ஜவுளிக்கடை, தையல்காரர், மிட்டாய்க்கடை ஒரு அரை நாள். சித்தப்பா வீடு, அத்தை வீடு, பெரியம்மா வீடு என்று ஒரு நாள் முழுக்க. (ஒரு வீட்டை விட்டால் அடுத்த வருஷம் வரை பேச்சு.) வீட்டுக்கு வந்தவர்களிடம் வீட்டுக்கடன் வட்டி எவ்வளவு, நகைக்கடனுக்கு எந்த பேங்க் நல்லது என்று விளக்கம் சொன்னது மூன்று மணி நேரமாவது இருக்கும். மிச்ச நேரம் டிவியில் பட்டிமன்றம், புதுப்படம். அம்மா 63 மணி நேரமும் அடுப்படியில். முறுக்கு, அதிரசம், சீடை, கறிக்குழம்பு. நான் வந்ததே அம்மாவைப் பார்க்க. நான் வந்ததாலேயே அம்மாவைப் பார்க்க முடியவில்லை!

அப்பாவோடு நான் தனியாக இருந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? நாற்பது நிமிஷம். திங்கட்கிழமை சாயங்காலம் கடலைமிட்டாய் வாங்க ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாரே, அது. அதிலும் பாதி நேரம் ஹாரன் சத்தம். அவர் என்னவோ சொன்னார், நான் "ஆமாப்பா" என்றேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

பேங்கில் இப்படி ஒரு கணக்கு வந்தால் வாராக்கடன் என்று எழுதிவைப்போம்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். இந்தக் கட்சிக்கு நான் வந்தது யோசித்து அல்ல. ரிசர்வ் வங்கி தயவில்.

பேங்கில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புதுசாக இருக்கும். கரன்சி செஸ்ட், கருவூலப் பிரிவு போன்ற முக்கியமான இடங்களில் இருக்கும் ஆட்களை வருஷத்துக்கு ஒருமுறை குறைந்தது 10 வேலைநாள் தொடர்ச்சியாகக் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும். அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல். ரிசர்வ் வங்கி 2021இல் இதை மறுபடி அழுத்திச் சொன்னது. ஒருத்தர் இல்லாத நேரத்தில் இன்னொருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தில்லுமுல்லு ஏதும் இருந்தால் வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. அந்த நாட்களில் வேலை சம்பந்தமான எதையும் நீங்கள் தொடக்கூடாது.

2022 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை. அப்போது நான் கரன்சி செஸ்டில் இருந்தேன். டிபன் பாக்ஸை மேஜையில் வைக்கவில்லை, கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் நடக்கிறது. வீட்டம்மாவுக்கும் வேலை. கொல்கத்தாவில் நான் மட்டும் பகலில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? "ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்றாள். தட்கலில் போட்டால் உடனே சீட்டு கிடைத்தது. தீபாவளிக்கு மூன்று மாசம் தவம் கிடந்தாலும் கிடைக்காத லோயர் பெர்த். (இப்போது 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாக்கிவிட்டார்கள். தவம் கிடக்கும் நாள்தான் குறைந்தது, வெயிட்டிங் லிஸ்ட் அப்படியேதான் இருக்கிறது.)

போக வர மூன்று நாள் போக, 11 நாள் வீட்டில் இருந்தேன். காலேஜ் முடித்தபிறகு அத்தனை நாள் அந்த வீட்டில் நான் இருந்ததே இல்லை.

முதல் நாள் அம்மா பதறிவிட்டாள். "என்னய்யா திடீர்னு? வேலைக்கு ஏதும் ஆயிருச்சா?" இரண்டாம் நாள் பலகாரம் செய்யக் கிளம்பினாள், தடுத்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து நான் வந்திருப்பதையே வீடு மறந்துவிட்டது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. காலையில் அப்பாவோடு டீக்கடை. அவர் தந்தி படிப்பார், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். பதினோரு மணிக்கு அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், நானும் கூட ஆய்வேன். மத்தியானம் ஆடிக்காற்று ஜன்னலை அடிக்கும், மூன்று பேரும் தூங்குவோம்.

இன்னொன்று. அது எந்தப் பண்டிகைக்கும் நடந்திருக்காது. அப்பாவின் பிக்ஸட் டெபாசிட் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நாமினி பெயர் எங்க பாட்டி. அவர் இறந்து பத்து வருஷம் ஆகிவிட்டது! ஊரெல்லாம் வாடிக்கையாளருக்கு நாமினேஷன் பற்றிப் பாடம் எடுக்கிறவன் வீட்டில் இந்த லட்சணம். மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மாற்றினேன். ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது என்று அவர் ஆறு மாசமாக யாரிடமும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் காட்டினோம். புரை என்றார், செப்டம்பரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். தீபாவளிக்குப் போயிருந்தால் பேங்கும் மூடியிருக்கும், டாக்டரும் ஊருக்குப் போயிருப்பார்.

*

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சும்மா கேட்டார்: "ஏலே, அங்க பூசைக்கு ஒரு கொட்டு அடிப்பானே, அது இன்னும் இருக்கா?"

எந்தப் பூஜைக்கு என்றேன். "கல்கத்தாவுலடே. துர்க்கா பூசைக்கு."

எனக்குப் புரியவில்லை. அப்பா கல்கத்தா வந்ததே இல்லையே! "யார் சொன்னா வந்ததில்லன்னு" என்றார்.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி வடக்கே எல்லா ஊருக்கும் போகும். அந்தத் தொழிலே கல்கத்தாவிலிருந்து வந்ததுதான். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. சிவகாசிப் பட்டாசுத் தொழிலும் அவர்கள் வளர்த்ததுதான். இது தெரியும். ஆனால் எங்கப்பாவும் அந்த ஊருக்குப் போனார் என்பது எனக்கு 43 வயது வரை தெரியாது.

1974. படா பஜாரில் ஒரு மொத்த வியாபாரி பாக்கி வைத்துவிட்டார். வசூல் பண்ணிவரச் சொல்லி முதலாளி அப்பாவை அனுப்பினார். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று போனார். போன நேரம் துர்கா பூஜை. கடை அடைப்பு. "பூஜை கழியட்டும், வா" என்றார் வியாபாரி. பூஜை கழிந்தது. "தீபாவளிக்குத்தான் நாங்கள் புதுக்கணக்குப் போடுவோம், அதற்குள் எல்லாப் பாக்கியும் தீர்த்துவிடுவோம், இரு" என்றார். அப்பா இருந்தார். தெருத்தெருவாகப் பந்தல் பார்த்தார். ஒரு சந்துப் பந்தலில் டாக் அடிக்கிறவனுக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் தீபாவளிக்கு முதல் நாள் டிராஃப்ட் கைக்கு வந்தது. தீபாவளியன்று அவர் மெட்ராஸ் மெயிலில் இருந்தார்.

"அதனால என்னப்பா, ஒரு தீபாவளிதானே" என்றேன்.

அப்பா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆவணியிலதாம்லே எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. அது தலைதீவாளி. அவகிட்ட இதக் கேட்டுறாத. அம்பது வருசம் ஆகப்போவுது, இன்னும் ஆறல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. "தீவாளிக்கு வாரியா" என்று அம்மா என்னைக் கேட்பது என்னை மட்டும் கேட்பதல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் கேஸ் 1974லிருந்து நிலுவையில் இருக்கிறது.

"பூசைக்கு வாங்களேம்ப்பா. டாக் சத்தம் கேக்கலாம்" என்றேன். "கண்ணு ஆப்ரேசன் இருக்குல்லா. அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

*

2022 தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவில்லை. ஜூலையில்தானே 11 நாள் இருந்தோம், மறுபடி லீவு கேட்க முகமில்லை. சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிற ஒரு பையன் கேட்டிருந்தான், அவன் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2023 பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். ராத்திரி தூக்கத்தில்.

காரியத்துக்கு வந்த சொந்தத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார், "கடைசித் தீவாளிக்குக்கூட மகன் வரல, பாத்துக்கோ." நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேச்சு சுட்டது, இல்லையென்று சொன்னால் பொய். இன்றைக்கும் சில நேரம் சுடும். ஆனால் என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 2022 ஜூலையில் 11 நாள். அதை வைத்துக்கொண்டுதான் நான் நிற்கிறேன். அந்த 11 நாளை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஆறு தீபாவளி தருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கொடுக்கமாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். பண்டிகை நாளில் நாம் பார்க்கப் போவது ஊரை. சும்மா நாளில் போனால்தான் அப்பா அம்மாவைப் பார்க்க முடியும்.

*

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லவேண்டும். எங்கள் கிளையில் கூட வேலை பார்க்கும் வங்காளி நண்பர் என் கட்சியைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிறார்கள். பூஜைக்கு வராமல் ஜூலையில் வருகிறேன் என்று அதுகள் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துர்கா பூஜை வீட்டுக்குள் நடக்கிற பண்டிகை இல்லை, தெருவில் நடப்பது. மஹாலயா அன்று காலை நாலு மணிக்கு ஊரே ரேடியோவில் மகிஷாசுரமர்த்தினி கேட்கும். 1931இல் ஆரம்பித்த நிகழ்ச்சி. பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல் அதில் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பூஜையே இல்லை. 1976இல் அந்த இடத்தில் உத்தம் குமாரைப் படிக்கவைத்தார்கள். எப்பேர்ப்பட்ட சினிமா ஸ்டார்! ஜனங்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். பழைய குரலையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு சஷ்டியிலிருந்து தசமி வரை ஒவ்வொரு பாடாவிலும் (பாடா என்றால் நம்ம தெரு, பேட்டை மாதிரி) பந்தல், அஷ்டமி அஞ்சலி, பந்தலிலேயே கிச்சடி போக். யுனெஸ்கோ 2021இல் இதைத் தன் கலாசாரப் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் ஜூலையில் போய்ப் பார்க்க முடியாதுதான்.

ஆனால் நம்ம தீபாவளி? விடியற்காலை எண்ணெய், வெந்நீர், புதுத்துணி, ஒரு சரம், இட்லி, கறிக்குழம்பு. ஏழு மணிக்குப் பண்டிகை முடிந்தது. வெடிக்கும் இப்போது நேரம் வைத்துவிட்டார்கள். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். மிச்சமெல்லாம் டிவி. இதற்குத் தேவை நாலு மனுஷர், ஒரு பாட்டில் நல்லெண்ணெய். அது கொல்கத்தாவிலும் கிடைக்கும். லேக் மார்க்கெட் பக்கம் போனால் வாழை இலையும் காபித்தூளும்கூடக் கிடைக்கும்.

வங்காளிகளிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது விஜயா. தசமி முடிந்தபிறகு பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டு, இனிப்பு சாப்பிட்டு வருவது. அதை அன்றைக்கே முடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, காளி பூஜை வரை எந்த நாளும் போகலாம். ஒரே நாளில் எட்டு வீடு ஏறி இறங்குகிற நம் ஓட்டம் அதில் இல்லை. போனால் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள்.

*

2023 தீபாவளிக்கு மட்டும் என் கட்சியை நானே மீறினேன். துக்க வருஷம், பண்டிகை கிடையாது. பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது. ஆனால் ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேட்கும்போது அம்மாவைத் தனியாக விடமுடியுமா? போய்ச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் போனபின் வருகிற முதல் பண்டிகைக்கு எந்தக் கணக்கும் பார்க்காமல் போய்விட வேண்டும். இது விதிவிலக்கு.

2024இல் அம்மாவை இங்கே கூட்டிவந்தேன். பூஜைக்கு முன்னால் வந்தவள் தீபாவளி முடிந்துதான் போனாள். வரவே மாட்டேன் என்றாள் முதலில். "எனக்கு அந்த ஊரு வேண்டாம்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறாரே.

வந்தபிறகு நடந்ததுதான் வேடிக்கை. எதிர்வீட்டு மாசிமாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேரும் தினமும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஆளுக்கொரு பாஷையில்! மருமகளைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஊகம் :-)

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் மாசிமா வீட்டில் பதினாலு விளக்கு வைத்தார்கள். பூத் சதுர்தசி. பதினாலு வகைக் கீரை சமைத்துச் சாப்பிடுவார்கள், இருட்டுகிற நேரத்தில் வீடெங்கும் பதினாலு அகல் வைப்பார்கள். நாம் மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நரக சதுர்த்தசியும் அதே திதிதான். அவர்களுக்கு ராத்திரி, நமக்கு விடியல். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஒரே பண்டிகதான, நாம ரெண்டு வீடா கொண்டாடுதோம்" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய் நாலு விளக்கை அவளும் ஏற்றினாள்.

மறுநாள் காலை நாலரைக்கு எங்கள் வீட்டில் கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வெவ்வேறு கிளைகளில் வேலை பார்க்கும் மூன்று பையன்கள். டிக்கெட் கிடைக்கவில்லை, லீவும் கிடைக்கவில்லை. ரூமில் தனியாகப் படுத்துக்கிடப்பார்களே என்று முதல் நாள் ராத்திரியே வரச்சொல்லிவிட்டேன். வரிசையாக உட்காரவைத்து அம்மாதான் தலையில் எண்ணெய் வைத்தாள். ஒருத்தன் கண்ணில் தண்ணீர். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்றான். இருக்கும். குளித்துவிட்டு வந்தவர்களிடம் "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்று கேட்டேன். கோவில்பட்டியில் அது பேச்சுக்குக் கேட்பது. இங்கே குழாயில் வருவதே ஹூக்ளித் தண்ணீர், நிஜமான கங்கை. அம்மாவுக்கு இதில் ஏகப் பெருமை. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஏழு மணிக்கு இட்லி, கறிக்குழம்பு. அம்மாவுக்கு அன்று அடுப்படியில் வேலை இல்லை. அந்தப் பையன்களும் என் பெண்ணும் சேர்ந்து அவளை எழுந்திருக்கவே விடவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, தீபாவளியன்று அம்மா எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வெளியே போகலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாள், "இங்க படா பசார்னு ஒரு இடம் இருக்காமே, அது எங்க இருக்கு?"

கூட்டிக்கொண்டு போனேன். காளி பூஜை ராத்திரி, கடையெல்லாம் விளக்கு. உள்ளே பூஜை போட்டுப் புதுக்கணக்கு நோட்டை வைத்திருந்தார்கள். அம்மா ஒரு கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கடை என்று அப்பா சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. "இத்தனக் கூட்டத்துல பாக்கி எங்குன வசூலாகும்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துச் சந்தில் காளி பந்தலில் டாக் அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றோம்.

*

நிற்க. அறிவுரை சொல்கிற வயது வந்துவிட்டதால் நாலு வரி சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று. வருஷத்தில் ஒரு பத்து நாளை, காலண்டரில் சிவப்பு இல்லாத பத்து நாளாகப் பார்த்து, பெற்றவர்களுக்கு ஒதுக்குங்கள். தனியாகப் போங்கள், தப்பில்லை. போய் ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

இரண்டு. போகும்போது அவர்கள் பாஸ்புக், டெபாசிட் ரசீது, நாமினி எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். பேங்க் திறந்திருக்கிற நாளில் போனால்தான் இது நடக்கும்.

மூன்று. பண்டிகையன்று உங்கள் ஆபீசில் ஊருக்குப் போகமுடியாத பையன், பெண் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி.

நாலு. பெரியவர்களைக் கூட்டிவர முடியுமானால் இந்த வருஷமே கூட்டிவாருங்கள். தசமியன்று அம்மனை ஆற்றில் விடும்போது இங்கே "ஆஷ்சே போச்சோர் ஆபார் ஹோபே" என்று கத்துவார்கள். அடுத்த வருஷம் மறுபடி நடக்கும் என்று அர்த்தம். அம்மனுக்கு அது சரி. எங்கப்பாவும் "அடுத்த வருசம் பாப்பம்" என்றுதான் சொன்னார்.

இந்த வருஷ ஆவணியில் அம்மா போன் பண்ணியபோது வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "எய்யா, அந்த எண்ண வச்சுவிட்ட பயலுவ மூணு பேரும் இந்தத் தீவாளிக்கு ஊருக்குப் போறானுவளா, இல்ல அங்கனதான் கெடக்கானுவளா?"

ஒருத்தன் ஊருக்குப் போகிறான், இரண்டு பேர் இங்கேதான் என்றேன்.

"அப்ப எனக்கு டிக்கெட்டப் போடு" என்றாள்.